ஆவடி டாங்கியும் காஸ்ட் அக்கவுண்டன்சியும்

ஆவடிக்கு ஏன் ஆவடி என்று பெயர்? எங்கள் ஊரில் பத்து பேரைக் கேட்டால் எட்டு பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் டிப்போ ஆஃப் இந்தியா", அதோட சுருக்கம்தான் ஆவடி என்று. ஸ்கூலில் எங்கள் சாரே சொல்லியிருக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சும்மா கதை. 1955-ல் இங்கே நடந்த காங்கிரஸ் மாநாட்டில்தான் சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் போட்டார்கள். வரலாற்றுப் புத்தகத்தில் அதற்குப் பெயரே ஆவடி காங்கிரஸ். டாங்கி தொழிற்சாலை 1961-ல்தான் வந்தது. அதற்கு முன்பே ஊர் ஆவடிதான்.

ஆனாலும் ஜனங்கள் அந்தக் கதையை நம்புவதில் ஒரு நியாயம் இருக்கிறது. இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ராணுவம்தான். எச்.வி.எஃப் எனப்படும் கனரக வாகனத் தொழிற்சாலை, டாங்கியை வடிவமைக்கும் சி.வி.ஆர்.டி.ஈ, இன்ஜின் ஃபேக்டரி, ராணுவ உடை தைக்கும் ஃபேக்டரி, ஏர்ஃபோர்ஸ். லோக்கல் ட்ரெயினில்கூட 'பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்' என்று ஒரு ஸ்டேஷன். இங்கே வளர்ந்தவனுக்கு டாங்கி என்பது டிவியில் குடியரசு தின அணிவகுப்பில் மட்டும் பார்க்கிற பொருள் இல்லை. எதிர் வீட்டு மாமா முப்பது வருஷம் வேலை பார்த்த இடம், பென்ஷன், குவார்ட்டர்ஸ், கேன்டீன் சாமான் எல்லாம் சேர்ந்ததுதான் டாங்கி.

நான் படிப்பது பி.காம். டாங்கியைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். பீரங்கிக் குழாயின் உலோகவியல் எல்லாம் எனக்குத் தெரியாதுதான். ஆனால் காஸ்ட் அக்கவுண்டன்சியில் 'மேக் ஆர் பை' என்று ஒரு கணக்கு வரும், நம் கிளாஸில் எல்லோரும் போட்டிருப்போம். ஒரு உதிரிபாகத்தை நாமே செய்தால் 12 ரூபாய், வெளியே வாங்கினால் 10 ரூபாய், இதில் ஃபிக்ஸட் காஸ்ட் 3 ரூபாய், செய்யலாமா, வாங்கலாமா? ஃபிக்ஸட் காஸ்டைக் கழித்தால் 9 ரூபாய், ஆகவே செய்யலாம். நாலு வரியில் விடை, ஐந்து மார்க். இந்தியா இதே கணக்கை 1974-லிருந்து ஆவடியில் போட்டுக்கொண்டிருக்கிறது, இன்னும் விடை வரவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள் :-)

முதலில் அர்ஜுன் கதை. 1974-ல் அரசு அனுமதி கொடுத்தபோது போட்ட பட்ஜெட் 15.50 கோடி ரூபாய். 1995-ல் வளர்ச்சித் திட்டம் முடிந்தபோது செலவு 305.60 கோடி. கிட்டத்தட்ட இருபது மடங்கு. உடனே 'பார்த்தியா, அரசாங்க வேலைன்னா இப்படித்தான்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 21 வருஷத்தில் விலைவாசி எவ்வளவு ஏறியது என்பதைக் கழிக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, 1974-ல் கேட்ட டாங்கியும் 1995-ல் வந்த டாங்கியும் ஒன்றே அல்ல. ஆரம்பத்தில் நினைத்தது 40 டன் வகை வண்டி. நடுவில் பீரங்கி பெரிதாகி 120 மி.மீ ஆனது, கவசம் கூடியது, ராணுவத்தின் தேவைப் பட்டியல் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை மாறியது. வந்தது 58.5 டன். வீடு கட்ட ஆரம்பித்து, லிண்டல் வரை எழும்பியபின் இன்னொரு மாடி வேண்டும் என்று சொன்னால் மேஸ்திரி என்ன செய்வார்? அஸ்திவாரத்தைத் தோண்டுவார். பில்லும் ஏறும், நாளும் ஓடும்.

ராணுவத்தை மட்டும் குறை சொல்லவும் முடியாது. வடிவமைப்பாளர்கள் 1500 குதிரைத்திறன் இன்ஜினை நாமே செய்கிறோம் என்று ஆரம்பித்து, அது சரியாக வராமல், கடைசியில் ஜெர்மனியின் எம்.டி.யூ கம்பெனி இன்ஜினைத்தான் (1400 குதிரைத்திறன்) வைத்தார்கள். ஒப்புக்கொண்ட நேரத்தில் பொருள் வராதபோது, பக்கத்து நாட்டில் புது டாங்கி வந்துவிட்டால், எல்லையில் நிற்பவன் தேவையை மாற்றத்தான் செய்வான். இவர்கள் தாமதிக்க அவர்கள் மாற்ற, அவர்கள் மாற்ற இவர்கள் தாமதிக்க. முட்டையா கோழியா கதைதான்.

பக்கத்து நாட்டில் நிஜமாகவே புது டாங்கி வந்தது. 1990-களின் பிற்பகுதியில் பாகிஸ்தான் உக்ரைனிடமிருந்து 320 டி-80யூ.டி டாங்கிகளை வாங்கியது. அர்ஜுன் அப்போது தயாராக இல்லை. அதனால் 2001 பிப்ரவரியில் இந்தியா ரஷ்யாவிடம் 310 டி-90 டாங்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டது. 124 முழு வண்டியாக வரும், 186 பாகங்களாக வந்து ஆவடியில் பூட்டப்படும். இந்த முடிவு தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஓட்டை தெரிகிறது, மழை வருகிறது, கையில் இருக்கிற தார்பாயைப் போட்டுத்தானே ஆக வேண்டும்.

ஆனால் 'வாங்கினால் உடனே கிடைக்கும்' என்ற நம்பிக்கை இருக்கிறதே, அதுதான் எனக்கு இடிக்கிறது. தொழில்நுட்பமும் சேர்த்துத் தருகிறோம், நீங்களே முழுசாகச் செய்துகொள்ளலாம் என்றுதான் பேச்சு. ஆவடியில் தயாரான முதல் பத்து டி-90 'பீஷ்மா' வண்டிகள் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது 2009 ஆகஸ்ட்டில். ஒப்பந்தத்திலிருந்து எட்டரை வருஷம். பீரங்கிக் குழாய், கவசத் தகடு போன்ற முக்கியமான விஷயங்களில் தொழில்நுட்பம் வருவதில் இழுபறி. முதலில் வந்த வண்டிகளில் இரவில் பார்க்க உதவும் தெர்மல் சைட் ராஜஸ்தான் வெயிலில் மக்கர் பண்ணியது. பாலைவனத்தில் சண்டை போட வாங்கிய டாங்கியின் கண் பாலைவனச் சூட்டில் வேலை செய்யவில்லை என்றால் அந்த 10 ரூபாயைப் பத்து ரூபாய் என்று எப்படிச் சொல்வது? பாடப்புத்தகத்தில் 'பை' என்ற பக்கம் எப்போதும் சுத்தமாக இருக்கும்: ஒரே விலை, குறித்த நாளில் டெலிவரி, ரிஜெக்ஷன் இல்லை. நிஜத்தில் அந்தப் பக்கத்துக்கும் ஸ்பேர், ரிப்பேர், தாமதம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

இதே விஷயத்துக்கு இன்னொரு உதாரணம் இருக்கிறது, அது இதைவிட வயிற்றெரிச்சல். 1986-ல் ஸ்வீடனின் போஃபர்ஸ் பீரங்கி 410 வாங்கினோம். அதன் அரசியல் கலாட்டா எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, அந்தப் பீரங்கியை இங்கேயே செய்வதற்கான வரைபடங்களும் ஒப்பந்தத்தின்படி வந்தன என்பது. ஊழல் புகாருக்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. கால் நூற்றாண்டுக்குமேல் கழித்து அந்தப் பழைய வரைபடங்களை எடுத்துத்தான் ஜபல்பூரில் 'தனுஷ்' பீரங்கியைச் செய்தார்கள். நடுவில் புதிதாக ஒரு கனரக பீரங்கி வாங்க 2016 நவம்பர் வரை ஆனது (அமெரிக்க எம்-777, 145 எண்ணிக்கை). முப்பது வருஷம்! ஊழல் நடந்தால் ஆளைப் பிடிக்க வேண்டும். நாம் பீரங்கியைப் பிடித்து உள்ளே போட்டோம். அந்த முப்பது வருஷத்துக்கு நடுவில்தான் 1999 கார்கில் வந்தது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அர்ஜுனுக்குத் திரும்புவோம். எனக்கு உண்மையில் சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது.

2000 மார்ச்சில் முதல் ஆர்டர், 124 டாங்கிகள். முதல் ஐந்து வண்டிகளை 2004 ஆகஸ்ட்டில் ஆவடியில் கொடுத்தார்கள். 2009 மே மாதம் ஒரு முழு ரெஜிமெண்டுக்குத் தேவையான 45 வண்டிகள் போய்ச் சேர்ந்தன. 2010-ல் ராஜஸ்தானில் அர்ஜுனையும் டி-90-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பீட்டுச் சோதனை நடத்தினார்கள். அர்ஜுன் நன்றாகவே செய்தது என்று செய்திகள் வந்தன, அதே வருஷம் மே மாதம் இன்னும் 124 வாங்கலாம் என்று அரசு முடிவு செய்தது. ஆவடியில் ஸ்வீட் கொடுக்காத குறைதான்.

அப்புறம் என்ன ஆச்சு? அதே வண்டி வேண்டாம், மேம்படுத்திக் கொடுங்கள் என்றார்கள். 70-க்கும் மேற்பட்ட மாற்றங்கள். சேர்க்கச் சேர்க்க எடை ஏறி 68 டன். எடை ஏறிவிட்டது என்று ராணுவத்துக்கு வருத்தம். குழல் வழியாகச் சுடும் இஸ்ரேலிய ஏவுகணை சரிப்பட்டு வராமல் போனது. ஒருவழியாக 118 'மார்க் 1ஏ' டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய்க்கு ஆர்டர் கையெழுத்தானது 2021 செப்டம்பர் 23 அன்று. 2010 மே மாதத்திலிருந்து 2021 செப்டம்பர் வரை பதினொரு வருஷம் நாலு மாசம்.

இந்தப் பதினொரு வருஷத்தில் அர்ஜுன் லைன் என்ன செய்திருக்கும் என்று யோசியுங்கள். முதல் 124 முடிந்ததும் வேலை இல்லை. அதற்கென்று போட்ட ஜிக், ஃபிக்ஸ்சர், பழகிய வெல்டர், எல்லாம் அப்படியே. சிலர் டி-90 பக்கம் மாறியிருப்பார்கள், சிலர் ரிட்டயர்ட். டி.பி. ரைட் என்பவர் 1936-லேயே விமானத் தொழிற்சாலைகளைப் பார்த்து எழுதி வைத்தார்: மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒரு விமானத்துக்கான ஆள்-நேரம் சுமார் 20 சதவீதம் குறைகிறது. லேர்னிங் கர்வ் என்று நாம் செகண்ட் இயரில் படித்தோமே, அதேதான். முதல் வண்டிக்கு 100 மணி நேரம் என்றால் நாலாவதுக்கு 64, எட்டாவதுக்கு 51. அந்த வளைவு இறங்க வேண்டுமானால் வேலை நிற்காமல் ஓட வேண்டும். பத்து வருஷம் நிறுத்தினால் மறந்து போகும், திரும்பவும் மேலே ஏறி நிற்கும். 7,523 கோடியை 118-ஆல் வகுத்தால் ஒரு டாங்கி 63.75 கோடி. 'உள்நாட்டு டாங்கி இவ்வளவு விலையா' என்று வாயைப் பிளக்கிறார்கள். இத்தனை குறைவான எண்ணிக்கையில், பத்து வருஷ இடைவெளியில் செய்தால் குண்டூசிகூட விலை ஏறத்தான் செய்யும்.

எச்.வி.எஃப்-க்காவது அரசாங்கச் சம்பளம் வரும். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருப்பவனுக்கு? எங்கள் சொந்தக்காரர் ஒருவர் அங்கே சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஆறு பேர் வேலை செய்கிற இடம். ஒரு காலத்தில் ஒரு பெரிய கம்பெனிக்கு ஜாப் ஆர்டர் எடுத்து, அவர்கள் வழியாக டாங்கிக்குப் போகிற சில புஷ், பின் வகைகள் செய்தாராம். அதற்காகவே தனியாக கேஜ், ஃபிக்ஸ்சர் எல்லாம் காசு போட்டு வாங்கினார். சாதாரண வண்டி பார்ட்ஸைவிட இதற்கு இன்ஸ்பெக்ஷன் கெடுபிடி அதிகம், நூற்றுக்குப் பத்து ரிஜெக்ட் ஆகும். "கஷ்டம்தான், ஆனா கை நல்லா பழகிடுச்சு தம்பி" என்பார். பழகின நேரத்தில் ஆர்டர் நின்றுவிட்டது. பில் பாஸாகவே மாசக்கணக்கில் ஆனதாம். இப்போது டூவீலர் பார்ட்ஸ் பண்ணுகிறார். ஃபிக்ஸ்சர் கோணி சுற்றி மூலையில் கிடக்கிறது. மறுபடி ஆர்டர் வந்தால் எடுப்பீர்களா மாமா என்று கேட்டேன். "எத்தனை வருஷத்துக்குன்னு சொல்லச் சொல்லு, அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

சின்ன யூனிட்டுக்கு 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-லேயே சட்டம் இருக்கிறது. அப்படிக் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை அந்த வருஷ வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது என்று 2023-ல் 43பி(எச்) பிரிவையும் கொண்டுவந்தார்கள். நல்லதுதான். ஆனால் பணம் சீக்கிரம் வருவது வேறு, ஆர்டர் தொடர்ந்து வருவது வேறு. 2018 பட்ஜெட்டில் அறிவித்து 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைத்த தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் பெருவழித்தடம் இருக்கிறதே, சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து ஊர்களை இணைத்து, அதற்கும் இதே கேள்விதான். நிலம், சோதனைக்கூடம், மானியம் எல்லாம் தருகிறார்கள். அந்தப் பட்டறைக்காரருக்கு வேண்டியது அடுத்த ஐந்து வருஷத்துக்கு மாசம் எத்தனை பீஸ் என்ற ஒரே ஒரு எண். அதைத் தர யாரும் இல்லை.

தென் கொரியாவைப் பாருங்கள். அவர்களும் நம்மைப் போலவே கே-2 டாங்கிக்குச் சொந்த இன்ஜின் செய்யப் பார்த்தார்கள், நம்மைப் போலவே சொதப்பினார்கள். ஆனால் காத்திருக்கவில்லை. முதல் தொகுதிக்கு ஜெர்மன் இன்ஜினும் ஜெர்மன் கியர்பாக்ஸும் போட்டு 2014-லிருந்து ராணுவத்தில் சேர்த்தார்கள். அடுத்த தொகுதியில் கொரிய இன்ஜின், கியர்பாக்ஸ் மட்டும் ஜெர்மன். லைன் ஓடிக்கொண்டே இருந்தது. 2022-ல் போலந்து 180 கே-2 டாங்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. நாமே அவர்களுடைய கே-9 பீரங்கியை 'வஜ்ரா' என்று பெயர் வைத்து 2017-ல் 100 வாங்கினோம். ஸ்ரீபெரும்புதூரில் கார் செய்கிற அதே நாடு!

இந்தியாவிலேயே வேறு ஒரு உதாரணம் இருக்கிறது, அது நம் கடற்படை. அவர்களுக்குச் சொந்தமாக வடிவமைப்புப் பிரிவு 1960-களிலிருந்தே உண்டு. கப்பலில் போகப் போகிறவனும் வரைகிறவனும் ஒரே சீருடை. பிரிட்டிஷ் லியாண்டர் வடிவத்தை வைத்து மும்பையில் ஆறு போர்க்கப்பல்கள் கட்டினார்கள், முதலாவது நீலகிரி, 1972. ஒவ்வொரு கப்பலிலும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள். அந்தப் பழக்கத்தில் 1983-ல் கோதாவரி என்று சொந்த வடிவமைப்பு வந்தது. முதல் நாளே எல்லாம் நம்முடையதாக இருக்க வேண்டும் என்று அவர்கள் அடம் பிடிக்கவில்லை. தரைப்படைக்கு வடிவமைப்புப் பிரிவு வந்தது 2016-ல்தான். நாற்பது வருஷமாக அர்ஜுனுக்கு சி.வி.ஆர்.டி.ஈ ஒரு பக்கம், எச்.வி.எஃப் ஒரு பக்கம், ராணுவம் ஒரு பக்கம். மூன்று பேருக்கும் மேலே ஒருவரும் இல்லை. இது ஓடாவிட்டால் யாருடைய பிரமோஷன் நிற்கும் என்று கேட்டால் பதில் இல்லை. ஆவடியில் சி.வி.ஆர்.டி.ஈ கேட்டுக்கும் எச்.வி.எஃப் கேட்டுக்கும் ஷேர் ஆட்டோவில் போய்விடலாம், ஆனால் ஃபைல் டெல்லி போய்த்தான் திரும்பும்.

லடாக் விஷயத்தைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. மலை உச்சியில் கனமான டாங்கி சரிப்படாது என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1948 நவம்பரில் சோஜிலா கணவாயில் இந்திய ராணுவம் ஸ்டூவர்ட் என்ற இலகு டாங்கியை ஏற்றித்தான் எதிரியைத் திகைக்க வைத்தது. 1962-ல் சுஷூலுக்கு ஏ.எம்.எக்ஸ்-13 இலகு டாங்கிகளை விமானத்தில் கொண்டுபோனார்கள். அப்புறம் மறந்துவிட்டோம். 2009-ல் சுமார் 300 இலகு டாங்கிகள் வேண்டும் என்று கம்பெனிகளிடம் தகவல் கேட்டார்கள், அது அப்படியே போனது. 2020-ல் கல்வான் நடந்தபோது சீனா பக்கம் மலைக்கென்றே செய்த டைப்-15 இலகு டாங்கி நின்றது. நாம் 40 டன்னுக்கு மேற்பட்ட டி-72, டி-90 வண்டிகளை விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோனோம். கொண்டுபோனது சாதனைதான். ஆனால் பதினொரு வருஷம் முன்பே இந்த ஓட்டை இருக்கிறது என்று எழுதியே வைத்திருந்தோமே!

அதற்குப் பிறகு நடந்தது எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. ஆவடி சி.வி.ஆர்.டி.ஈ-யும் எல் அண்ட் டி-யும் சேர்ந்து 'ஜொராவர்' என்ற 25 டன் இலகு டாங்கியைச் செய்தார்கள். 2024 ஜூலையில் குஜராத் ஹஜீராவில் காட்டினார்கள், அதே வருஷம் டிசம்பரில் லடாக்கில் சுமார் 4,200 மீட்டர் உயரத்தில் சுட்டுப் பார்த்தார்கள். அர்ஜுனோடு ஒப்பிட்டால் மின்னல் வேகம். எப்படி முடிந்தது? பீரங்கிக் கூண்டு பெல்ஜியம் கம்பெனியுடையது. இன்ஜின் முதலில் ஜெர்மனியிலிருந்து வருவதாக இருந்தது, தாமதமானதும் அமெரிக்க கம்மின்ஸுக்கு மாறினார்கள். கிடைத்ததை வைத்து முதலில் ஓடவிட்டார்கள். 'இதெல்லாம் சுதேசியா' என்று கேட்டவர்களும் உண்டு. சுதேசி சான்றிதழை வைத்துக்கொண்டு நியோமாவில் ரோந்து போக முடியாது. முதலில் வண்டி ஓடட்டும், கூண்டையும் இன்ஜினையும் அடுத்தடுத்த தொகுதியில் மாற்றலாம்.

இன்னொரு பக்கம் பாருங்கள், அர்ஜுன் மார்க் 1ஏ. ஒப்பந்தத்திலிருந்து 30 மாதத்துக்குள் முதல் ஐந்து வண்டி என்று சொன்னார்கள். அது 2024 மார்ச். கெடு தாண்டியது. காரணம் அதே ஜெர்மன் இன்ஜின். அந்த மாடலின் உற்பத்தி அங்கே நின்றுவிட்டது, திரும்பத் தொடங்க வருஷக்கணக்கில் ஆகும் என்று செய்திகள் வந்தன. ஜெர்மன்காரன் என்ன செய்வான்? பத்து வருஷம் ஆர்டர் கொடுக்காத வாடிக்கையாளனுக்காக லைனைத் திறந்து வைத்திருப்பானா? அம்பத்தூர் பட்டறைக்காரர் சொன்னதைத்தான் எம்.டி.யூ-வும் சொல்கிறது, என்ன, ஜெர்மனில் சொல்கிறது. தற்செயலோ என்னவோ, அதே 2024 மார்ச்சில்தான் மைசூரு பி.இ.எம்.எல்-லில் நம்முடைய 1500 குதிரைத்திறன் இன்ஜினை முதன்முதலாக ஓட்டிப் பார்த்தார்கள். 1974-ல் ஆரம்பித்த இடத்துக்கே வந்திருக்கிறோம். இந்தத் தடவை அதை விட்டுவிடக் கூடாது என்பது என் ஆசை.

என்ன செய்யலாம் என்று கேட்டால், 2002-லிருந்து கொள்முதல் விதிமுறையை எத்தனை தடவை திருத்தி எழுதினார்கள் என்று பாருங்கள்: 2006, 2008, 2011, 2013, 2016, 2020. புத்தகம் குண்டாகிக்கொண்டே போகிறது. எனக்குத் தோன்றுவது விதிமுறையைவிடச் சின்ன விஷயம். ஆர்டரை மொத்தமாக ஒரு தடவை கொடுத்துவிட்டு மறந்துபோவதை நிறுத்தி, வருஷத்துக்கு 40 என்றோ 50 என்றோ பத்து வருஷத்துக்கு உறுதி கொடுங்கள். மேம்பாடு வேண்டுமா, மூன்றாவது வருஷ வண்டியில் சேர்த்துக்கொள்ளுங்கள், லைனை நிறுத்தாதீர்கள். தேவைப் பட்டியலில் கையெழுத்துப் போட்டபின் அந்தத் தொகுதி முடியும்வரை மாற்றக் கூடாது. மாற்ற வேண்டுமென்றால் எத்தனை கோடி, எத்தனை மாசம் என்று பக்கத்திலேயே எழுதி அதற்கும் கையெழுத்துப் போட வேண்டும். டாங்கி வாங்கும் அன்றே ஸ்பேருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். 2015 வாக்கில் இறக்குமதி ஸ்பேர் இல்லாமல் 124 அர்ஜுன்களில் பெரும்பகுதி ஷெட்டில் நின்றதாகச் செய்தி வந்தது. வண்டி வாங்கிவிட்டு டயர் வாங்கக் காசு வைக்காத கதை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. பத்து வருஷ உறுதி கொடுத்தால் ஃபேக்டரிக்குச் சோம்பல் வராதா? வரும். 2021 அக்டோபர் 1 வரை எச்.வி.எஃப் அரசுத் துறையாக இருந்தபோது, ஆன செலவை அப்படியே ராணுவத்திடம் வாங்கிக்கொள்ளும் முறைதான். லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை, செலவைக் குறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. அன்றைக்கு ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து, 41 தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாக்கினார்கள். ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாம் அதில் ஒன்று. சங்கங்கள் வேலைநிறுத்தம் என்றதும், அத்தியாவசியப் பாதுகாப்புச் சேவை என்று சட்டம் போட்டு அதைத் தடுத்தார்கள். ஊழியர்களோடு உட்கார்ந்து பேசாமல் அப்படிச் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கம்பெனி ஆக்கியதால் ஒரு நன்மை: இப்போது பேலன்ஸ் ஷீட் என்று ஒன்று இருக்கிறது, நம்மைப் போன்றவர்கள் எடுத்துப் படிக்கலாம். விலையை வருஷா வருஷம் லேர்னிங் கர்வ் படி குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் சோம்பலுக்கு மருந்தாகும். உறுதியான ஆர்டர் நாங்கள் தருகிறோம், இறங்கும் விலை நீங்கள் தாருங்கள்.

இந்தக் கட்டுரையின் முதல் வடிவத்தை எதிர் வீட்டு மாமாவிடம் படித்துக் காட்டினேன். பாதி கேட்டுவிட்டுச் சிரித்தார். "விலையைக் குறைக்கச் சொல்றியே, இரும்புத் தகடு விலையை எவன் குறைப்பான்? வெளியிலிருந்து வர்ற பாகத்துக்கு டாலர் ஏறினா யார் கொடுப்பா?" என்றார். சரியான கேள்வி. லேர்னிங் கர்வ் ஆள்-நேரத்துக்குத்தான், மூலப்பொருளுக்கு இல்லை. இறக்குமதிப் பாகங்கள் அதிகமுள்ள வண்டியில் நான் சொல்கிற சேமிப்பு நான் நினைக்கிற அளவுக்கு வராது. மூலப்பொருளுக்குத் தனியாக விலையேற்ற ஷரத்து வைக்கலாம் என்று சொன்னேன். "அப்ப எல்லாத்தையும் மூலப்பொருள் கணக்கில எழுதிடுவானுங்க" என்றார். முப்பது வருஷம் உள்ளே இருந்தவர், அவருக்குத் தெரியாதா.

2024 செப்டம்பரில் எதிர்காலப் போர் வாகனம் என்ற பெயரில் 1,770 டாங்கிகள் வேண்டும் என்று முதல்கட்ட ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள். பழைய டி-72 வண்டிகளுக்குப் பதிலாக. 124-உம் 118-உம் பார்த்த ஊருக்கு அது பெரிய எண். யார் செய்யப்போகிறார்கள், ஆவடியா வேறு ஊரா என்பது இனிமேல்தான். எனக்குத் தெரிய வேண்டியது அதில் வருஷத்துக்கு எத்தனை, எத்தனை வருஷத்துக்கு என்பது. அதைப் பட்டறை மாமாவிடம் போய்ச் சொல்ல வேண்டும், கோணியைப் பிரிக்கலாமா வேண்டாமா என்று அவர் முடிவு பண்ணிக்கொள்வார்.